ரோஸ்ட்ரம், போடியம், டயஸ், லெக்டர்ன்: எல்லாமே மேடைதானா?

கேள்வி: தாள்நுனி

வணக்கம். மேடைப்பேச்சுப் பயிற்சிக்கான ஒரு கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். முதல்முறையாகக் கூட்டத்துக்கு முன்னால் பேசப் போகிறவர்களுக்கானது. நடை எளிமையானது, வேலையும் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேசும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்கிற அத்தியாயத்தில் வந்து சிக்கிக்கொண்டேன். அதில் ஸ்டேஜ், டயஸ், போடியம், ரோஸ்ட்ரம், லெக்டர்ன் என்று ஐந்து சொற்களும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

ஐந்துக்கும் மேடை என்றே போட்டால், "மேடையை விட்டு விலகி மேடையின் ஓரத்துக்கு வாருங்கள்" என்று ஒரு வாக்கியம் அமைகிறது. படிக்கிறவர் எங்கே போய் நிற்பார்? சரி, சொல்லுக்குச் சொல் வேறுபடுத்தலாம் என்று அகராதிகளைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேடை, பீடம், தளம் என்று அதே மூன்று நான்கு சொற்களைத்தான் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ரோஸ்ட்ரத்துக்கு மட்டும் கூடுதலாக "பறவையின் அலகு, கப்பலின் மூக்கு" என்று இருக்கிறது. அலகுக்கும் சொற்பொழிவுக்கும் என்ன உறவு என்று விளங்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ரோஸ்ட்ரம் என்பது ஏறி நிற்கிற இடமா, தாளை வைத்துக்கொள்கிற மேசையா? தமிழில் மேடைக்கு உள்ள இணைச்சொற்களில் எதை எங்கே பயன்படுத்தலாம்? லெக்டர்னுக்கு, படித்தவுடன் புரிகிற மாதிரி ஒரு தமிழ்ச்சொல் உண்டா? அந்த அத்தியாயத்தில் என் மனம் இன்னும் அமையவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பதில்: வேப்பம்பூ

மேடைக்கு இணைச்சொற்கள் தமிழில் நிறைய உண்டு. அரங்கு, அரங்கம், பீடம், வேதிகை எல்லாம் இருக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்டேஜுக்கு மேடை, டயஸுக்கு உயர்மேடை, போடியத்துக்குச் சிறுமேடை, ரோஸ்ட்ரத்துக்குப் பேச்சுமேடை, லெக்டர்னுக்குப் பேச்சுமேசை என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். ஒரு சிறு அட்டவணையாக அதைக் கையேட்டின் முன்பக்கத்தில் போட்டுவிட்டால் வாசகர் பழகிக்கொள்வார். கலைச்சொல்லில் முக்கியம் ஒரே சொல்லை மாறாமல் கடைசிவரை கையாள்வதுதான்.

பதில்: மெய்ப்புமேசை

வேப்பம்பூ சொல்கிற ஒழுங்கு அறிவியல் நூலுக்குப் பொருந்தும். இந்தக் கையேட்டுக்கு அது உதவாது என்று நினைக்கிறேன். பாடநூல்களுக்கும் பயிற்சிக் கையேடுகளுக்கும் மெய்ப்புப் பார்ப்பதுதான் என் வேலை. சொல்லுக்குச் சொல் பிடித்து வைத்த மொழிபெயர்ப்புகள் அடிக்கடி என் கைக்கு வரும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும். வாக்கியமாகச் சேர்த்துப் படிக்கும்போதுதான் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தெரியாது. உங்கள் கையேடு ஒரு மனிதரை ஓரிடத்தில் நிற்க வைக்கிற புத்தகம். அவர் காலுக்குக் கீழே எது இருக்கிறது, நெஞ்சுக்கு நேரே எது இருக்கிறது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் பாருங்கள். அதிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஸ்டேஜ், டயஸ், போடியம் மூன்றும் காலுக்குக் கீழே இருப்பவை. ஸ்டேஜ் என்றால் மேடை முழுவதும். டயஸ் என்பது தலைவரும் விருந்தினர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற உயர்ந்த பகுதி. போடியம் ஓர் ஆள் ஏறி நிற்கிற அளவுக்குச் சின்னது. இசைக்குழுவை நடத்துகிறவர் கைக்கோலுடன் ஏறி நிற்பாரே, அதுதான் சுத்தமான போடியம். விளையாட்டில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் ஏறி நிற்பதும் போடியம்தான். ஒலிம்பிக்கில் அந்த வழக்கம் 1932இல் வந்தது. லெக்டர்ன் மட்டும் நெஞ்சுக்கு நேரே இருப்பது, தாளைச் சாய்த்து வைத்துப் படிக்கிற மேசை. படிப்பது என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. லெக்சர் என்பதும் அதே வேர்தான்.

ரோஸ்ட்ரத்தின் கதை கொஞ்சம் நீளமானது, ஆனால் நீங்கள் கேட்ட அலகு அதில்தான் இருக்கிறது. லத்தீனில் ரோஸ்ட்ரம் என்றால் அலகு, மூக்கு. அந்தக் காலப் போர்க்கப்பல்களின் முன்நுனியில், எதிரிக் கப்பலின் வயிற்றில் மோதிக் கிழிப்பதற்கென்று வெண்கலம் பொதிந்த ஒரு கூர்முனை இருக்கும். அதற்கும் அலகு என்றே பெயர் வைத்தார்கள். கி.மு. 338இல் ரோமானியர்கள் ஆன்டியம் என்ற துறைமுக நகரத்தாரை வென்று அவர்களுடைய கப்பல்களைப் பிடித்தார்கள். காயஸ் மேனியஸ் என்பவர் அப்போது கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியில் இருந்தார். பிடித்த கப்பல்களின் அலகுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, ரோம் நகரத்தின் பொதுச் சதுக்கத்தில் தலைவர்கள் நின்று பேசுகிற மேடையின் முகப்பில் பதித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த மேடைக்கு ரோஸ்ட்ரா, அதாவது அலகுகள் என்று பெயர் நிலைத்தது. லத்தீனில் அது பன்மை. பிற்பாடு ஆங்கிலத்தில் ஒருமையாக்கி, பேசுகிற மேடை எதற்கும் ரோஸ்ட்ரம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த மேடையை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சீசர் கொல்லப்பட்டபோது அவர் உடலை வைத்து ஆன்டனி பேசியது அதன்மேல் நின்றுதான். ஆன்டனியை எதிர்த்து ஓயாமல் பேசிய சிசரோவைக் கி.மு. 43இல் கொன்று, பேசிய தலையையும் எழுதிய கையையும் கொண்டுவந்து மாட்டி வைத்ததும் அங்கேதான். பேச்சுக்கு எவ்வளவு வலிமை இருந்தால் இப்படிச் செய்யத் தோன்றியிருக்கும்! ரோஸ்ட்ரம் என்ற சொல்லில் இன்றைக்கும் ஒரு மிடுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்த வரலாறுதான் காரணம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உலகத் தலைவர்கள் பச்சைப் பளிங்குக்கு முன்னால் நின்று பேசுகிற இடத்தை ரோஸ்ட்ரம் என்பார்கள். சாதாரணக் கூட்ட அறையில் இருப்பதை அப்படிச் சொன்னால் கொஞ்சம் பெரிய பேச்சாகத் தோன்றும். விலங்கியலில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. ஓங்கிலின், அதாவது டால்பினின் நீண்ட மூக்கும், இறாலின் தலையில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளும் ரோஸ்ட்ரம்தான்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: ரோஸ்ட்ரம் அடிப்படையில் ஏறி நிற்கிற இடம். ஆனால் இன்று அதைச் சொல்கிறவர்கள் மேடையையும் அதன்மேல் இருக்கிற மேசையையும் ஒலிவாங்கியையும் சேர்த்து, பேசும் இடம் என்ற மொத்தத்தையே குறிக்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். போடியம் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் பாதம். காலுக்கு அடியில் இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்களில் நிறையப் பேர், அமெரிக்கர்கள் குறிப்பாக, மேசையையே போடியம் என்கிறார்கள். அது தவறு என்று வாதாடுகிறவர்கள் உண்டு, ஆனாலும் அகராதிகள் அந்தப் பொருளையும் ஏற்றுக்கொண்டுவிட்டன. டயஸின் பயணம் நேர் எதிர்த் திசையில். அது டிஸ்கஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அதற்குப் பொருள் மேசை. பிரபுக்களின் கூடத்தில் தலைமை மேசையைச் சற்று உயர்ந்த தரையில் போட்டிருப்பார்கள். நாளடைவில் மேசையின் பெயர் அந்தத் தரைக்கு இறங்கிவிட்டது. தரையாக இருந்த போடியம் மேசைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால் கையேட்டில் போடியம் வரும்போதெல்லாம் ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்று வினைச்சொல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏறு, இறங்கு என்று வந்தால் மேடை. பிடி, சாய், பின்னால் நில் என்று வந்தால் மேசை.

இனித் தமிழ். மேடை நல்ல சொல். மேடு என்பதோடு உறவுடையது, உயரத்தை மட்டும் சொல்கிறது, அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்வதில்லை. அதனால்தான் மணமேடை, நடைமேடை, தூக்குமேடை என்று எதோடு வேண்டுமானாலும் சேர்கிறது. தெலுங்கில் மேட என்றால் மாடி வீடு. தமிழிலும் அந்தப் பொருள் பழைய அகராதிகளில் உண்டு.

அரங்கு என்பதை மேடைக்கு இணையாகப் போடுவதில் கவனம் வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அரங்கு என்றால் ஆடுகிற மேடைதான். "எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து" என்று அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ. ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல் என்றும், மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் இருக்க வேண்டும் என்றும், ஏறவும் இறங்கவும் இரண்டு வாயில் என்றும் அங்கே விவரம் இருக்கிறது. தச்சர் கையில் கொடுத்தால் கட்டிவிடலாம், அவ்வளவு துல்லியம். அரங்கேற்றம் என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. குறளில் அரங்கு வேறு பொருளில் வருகிறது. "அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்." இங்கே அது காய் உருட்டுவதற்குக் கீறிய கட்டம். படிக்காமல் சபையில் பேசப் போவது கட்டம் கீறாமல் ஆடுவது மாதிரி என்கிறார். உங்கள் கையேட்டின் முகப்பில் போட ஏற்ற குறள், அதனால்தான் முழுதாகக் கொடுத்தேன்.

ஆனால் இன்று அரங்கு என்றால் கூடம். அரங்கு நிறைந்த கூட்டம் என்கிறோம், அதில் மேடையும் உண்டு, பார்வையாளர் இருக்கைகளும் உண்டு. கருத்தரங்கு, கவியரங்கு என்று நிகழ்ச்சிக்கும் அது பெயராகிவிட்டது. "அரங்கின் ஓரத்துக்கு வாருங்கள்" என்று எழுதினால் வாசகர் சுவரோரமாகப் போய் நிற்பார். மன்றம், அம்பலம் இரண்டும் ஊர்ப் பொதுவிடத்தைக் குறித்தவை, மேடைக்கு ஆகாது. பீடத்தில் வழிபாட்டின் வாசம் இருக்கிறது. வேதிகை தமிழில் வழக்கொழிந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மேடைக்கு இன்றைக்கும் வேதிக, வேதிகெ என்றுதான் சொல்கிறார்கள். இந்தியில் மஞ்ச். அது நம் மஞ்சத்தின் உடன்பிறப்பு. அங்கே ஏறிப் பேசுகிறார்கள், இங்கே படுத்துத் தூங்குகிறோம்.

லெக்டர்னுக்கு என் பரிந்துரை சாய்மேசை. மேற்பலகை சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிற அடையாளம், ஒரு முறை படம் போட்டுக் காட்டிவிட்டால் போதும். பேச்சுமேசை வேண்டாம் என்பேன். பேச்சுமேடை, பேச்சுமேசை இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தட்டச்சில் மாறினால் எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுபிடிக்காது, மெய்ப்புப் பார்க்கிறவர் கண்ணும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பதில்: ஒலிவாங்கி

நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருக்கிறேன். நானும் என் பங்குக்குச் சொல்கிறேன்.

எங்கள் வேலையில் அந்த மேசையைப் போடியம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒலி அமைக்கிறவர், விளக்குப் போடுகிறவர், பூ வைக்கிறவர் யாராக இருந்தாலும் "போடியத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளுங்கள்" என்பார்கள். லெக்டர்ன் என்று யாராவது சொன்னால் எது என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் அந்தப் பொருளின் பெயரே என் வாயில் வராது. "அடுத்து உரையாற்ற அன்போடு அழைக்கிறேன்" என்பேன், அவர் எழுந்து வந்துவிடுவார். "மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே" என்று தொடங்கும்போது டயஸ் என்ற சொல் அந்த வீற்றிருத்தலில் அடங்கிவிடுகிறது. தமிழில் இடத்தின் பெயரைவிடச் செய்கையைச் சொல்வதுதான் இயல்பாக வருகிறது. மெய்ப்புமேசை ஐயா சொன்ன வினைச்சொல் யோசனையை இதனாலேயே நான் வழிமொழிகிறேன்.

கையேட்டில் சேர்க்கத் தக்க ஒன்றும் சொல்ல வேண்டும். அந்த மேசை பெரும்பாலும் நல்ல உயரமானவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. மாணவர்களோ உயரம் குறைந்தவர்களோ பேச வந்தால் மேற்பலகைக்கு மேலே நெற்றியும் கண்ணும்தான் தெரியும். மைக்கின் கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் வாய்க்கு எட்டாது. அதற்காக மேசைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியை வைத்திருப்போம். ஒரு சாண் உயரம் இருக்கும், மேலே வழுக்காத விரிப்பு ஒட்டியிருக்கும். அது அங்கே இருப்பது பார்வையாளருக்குத் தெரியவே தெரியாது. மேலே உள்ள விளக்கத்தைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன், அந்தப் பெட்டிதான் உண்மையான போடியம்! காலுக்குக் கீழே, ஓர் ஆளுக்கு மட்டும். பேசி முடித்த நிம்மதியில் அதை மறந்து நேராக அடியெடுத்து வைத்துத் தடுமாறுகிறவர்கள் உண்டு. "பின்னால் பெட்டி இருந்தால், இறங்கும்போது கீழே பாருங்கள்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

இன்னொன்று. அந்த மேற்பலகையின் கீழ்விளிம்பில் தாள் நழுவாமல் இருக்க ஒரு மெல்லிய பட்டை அடித்திருப்பார்கள். பதற்றத்தில் இருப்பவர்கள் விரலால் அந்தப் பட்டையைச் சுரண்டிக்கொண்டே பேசுவார்கள். மைக் அதே பலகையில் பொருத்தப்பட்டிருப்பதால் அந்தச் சுரண்டல் கூடம் முழுக்கக் கேட்கும், பேசுகிறவருக்கு மட்டும் கேட்காது. மேசையைப் பிடிக்காதீர்கள் என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்வதற்குத் தோற்றம் மட்டும் காரணமில்லை, இந்த ஒலியும் காரணம்.

பதில்: படித்துறை

மெய்ப்புமேசை ஐயா பீடத்தை ஒரு வரியில் கடந்துபோய்விட்டார். அந்தச் சொல்லுக்காகக் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

தேவாலயத்தில் போதகர் நின்று பேசுகிற இடத்துக்குப் பிரசங்க பீடம் என்ற சொல் தமிழில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஆங்கிலத்தில் பல்பிட். தமிழ் விவிலியத்திலும் அது உண்டு. நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா நின்று சட்டநூலை வாசிப்பது மரத்தால் செய்த ஒரு பிரசங்க பீடத்தின்மேல்தான். பல்பிட் என்பதன் லத்தீன் மூலத்துக்கு முதற்பொருள் நாடகம் ஆடுகிற மரமேடை. நாடக மேடையிலிருந்து அந்தச் சொல் கோயிலுக்குள் போயிருக்கிறது. யூதர்களின் தொழுகைக் கூடத்தில் தோரா வாசிக்கிற மேடைக்குப் பீமா என்று பெயர். அது கிரேக்கச் சொல், காலடி அல்லது படி என்று பொருள். ஏதென்ஸில் பினிக்ஸ் குன்றில் குடிமக்கள் கூடியபோது, பாறையிலேயே செதுக்கிய ஒரு பீமாவின்மேல் நின்றுதான் பேசினார்கள். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை இமாம் ஏறி நின்று உரை நிகழ்த்துகிற படிகள் வைத்த மேடை மிம்பர். தமிழ் முஸ்லிம்கள் மிம்பர் என்றே சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். அதை மொழிபெயர்க்கத் தேவையே இல்லை.

எனவே கையேட்டில் பல்பிட் வந்தால் பிரசங்க பீடம் என்று தயங்காமல் போடுங்கள். மற்ற இடங்களில் பீடத்தைத் தவிர்ப்பது நல்லதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஒரு சந்தேகமும் உண்டு. பிளாட்ஃபார்ம் என்று எங்காவது வருகிறதா? பேசுகிறவரின் மேடைக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல் உண்டு. தமிழில் பிளாட்பாரம் என்றால் தெருவோர நடைபாதை, ரயில் நிலையத்தில் நடைமேடை, கணினியில் தளம். மூன்றும் இங்கே பொருந்தாது.

தாள்நுனி (கேட்டவர்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. மரப்பெட்டி பற்றிய வரியைக் கையேட்டின் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்க முயற்சி செய்கிறேன். அந்தச் சுரண்டல் ஒலியை நானும் கேட்டிருக்கிறேன், எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. படித்துறை, பிளாட்ஃபார்ம் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. "இளைஞர்களின் குரலுக்கு ஒரு பிளாட்ஃபார்ம்" என்ற பொருளில். அங்கே மேடை என்றே வைத்துவிட்டேன், நன்றாகப் பொருந்துகிறது.

நீங்கள் சொன்னபடி காலையும் நெஞ்சையும் வைத்து மறுபடி எழுதிப் பார்த்தேன். சில வாக்கியங்களைக் கீழே கொடுக்கிறேன். மெய்ப்புமேசை ஐயா, பார்த்துச் சொல்லுங்கள்.

"பேச அழைக்கப்பட்டதும் ரோஸ்ட்ரத்தை நோக்கி அவசரமில்லாமல் நடந்து செல்லுங்கள்" என்பது "உங்கள் பெயரைச் சொல்லி அழைத்ததும் எழுந்து, பேசும் இடத்துக்கு நிதானமாக நடந்து செல்லுங்கள்" என்று ஆகியிருக்கிறது.

"டயஸில் இருப்பவர்களை முதலில், அவையை அடுத்து" என்பது "மேடையில் அமர்ந்திருப்பவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு அவையோரைப் பாருங்கள்."

எனக்குக் கேள்வியே எழக் காரணமான வாக்கியம் இப்போது "சாய்மேசையை விட்டு விலகி, மேடையின் ஓரத்துக்கு வாருங்கள்" என்று இருக்கிறது.

இன்னும் தீராதது ஒன்று. ஸ்டேஜ் ஃபியர் பற்றி ஓர் அத்தியாயம் முழுக்க இருக்கிறது. மேடைப் பயம், மேடைக் கூச்சம் இரண்டில் எதை வைக்கலாம்?

பதில்: மெய்ப்புமேசை

நன்றாக வந்திருக்கிறது. ரோஸ்ட்ரத்தை "பேசும் இடம்" என்று கரைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எங்காவது ரோமாபுரி வரலாறோ ஐக்கிய நாடுகள் சபையோ வந்தால் மட்டும் ரோஸ்ட்ரம் என்று எழுத்துப்பெயர்த்து வைத்துவிடுங்கள். மற்ற இடங்களில் அந்தச் சொல் தமிழுக்கு வரத் தேவையில்லை.

மூன்றாவது வாக்கியத்தில் "மேடையின் ஓரத்துக்கு" என்பதை "மேடையின் முன்விளிம்புக்கு" என்று மாற்றுங்கள். ஓரம் என்றால் பக்கவாட்டில் போகிறவர்கள் உண்டு. அவையை நெருங்கி வரச் சொல்வதுதானே நோக்கம். விளிம்பு என்று சொல்லிவிட்டதால் "ஓரடி உள்ளே நின்றுகொள்ளுங்கள்" என்று சேர்ப்பதும் நல்லது. விளக்கு முகத்தில் அடிக்கும்போது மேடை எங்கே முடிகிறது என்று பேசுகிறவருக்குத் தெரியாது.

இரண்டாவதில் வணக்கம் சொல்லும் வரிசை அப்படியே இருக்கட்டும். "அமர்ந்திருப்பவர்களுக்கு" என்பதற்கு முன்னால் "திரும்பி" என்று ஒரு சொல் போடுங்கள். மேடையில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் பேசுகிறவருக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருப்பார்கள். டயஸ் என்று படிக்கிற ஆங்கில வாசகருக்கு அந்தத் திசை தானாகத் தெரியும், தமிழில் அதை நாம்தான் சொல்ல வேண்டும். அப்புறம், சாய்மேசையைக் கையேடு முழுக்க ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுங்கள். ஒரு பக்கத்தில் சாய் மேசை, இன்னொரு பக்கத்தில் சாய்வு மேசை என்று போனால் அச்சுக்குப் போகும் நேரத்தில் தேடித் திருத்துவது பெரும்பாடு.

ஸ்டேஜ் ஃபியருக்கு வருகிறேன். மேடைக் கூச்சம் வழக்கில் இருக்கிறது, எல்லோருக்கும் புரியும், உடல்மொழி பற்றிய பகுதிகளில் தாராளமாக வையுங்கள். ஆனால் அத்தியாயத்தின் தலைப்புக்கு அவையச்சம் என்று வைக்கலாமா என்று பாருங்கள். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 72உம் 73உம். எதிரே இருப்பவர்கள் யார் என்று முதலில் தெரிந்துகொள், அதன்பின் அஞ்சாமல் பேசு என்கிற வரிசை அது. பேசுகிறவர் நடுங்குவது மரப்பலகையைக் கண்டு அல்லவே, எதிரே உட்கார்ந்திருக்கிற முகங்களைக் கண்டுதானே. உங்கள் அத்தியாயமும் பெரும்பாலும் பார்வையாளரை எதிர்கொள்வது பற்றித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் அந்தத் தலைப்பு உள்ளே இருக்கிற விஷயத்தோடு சரியாகப் பொருந்தும். பயிற்சி பெறுகிறவர்களுக்குப் புதிய சொல்லாக இருக்குமோ என்ற தயக்கம் இருந்தால், முதல் பத்தியிலேயே "மேடைக் கூச்சம் என்று நாம் சொல்கிற இந்த அவையச்சம்" என்று இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தை முடித்ததும் இங்கே போடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.